ஏப்ரல் இறுதி வெயில்: சென்னைக்கும் பாலக்காட்டுக்கும் பதிவு உண்டு, வண்டிப்பெரியாருக்கு?

வண்டிப்பெரியார்: ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தின் ஏதேனும் ஒரு நாளைக் குறிப்பிட்டு, அந்நாளில் சென்னையில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டால், நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பதிவேடுகளைப் புரட்டி விடை சொல்லிவிட முடியும். இதே கேள்வியைக் கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள வண்டிப்பெரியாரைக் குறித்துக் கேட்டால் அத்தனை எளிதில் விடை கிடைக்காது. கைப்பேசித் திரையில் ஓர் எண் தெரியும். அது அவ்வூரில் வைக்கப்பட்ட வெப்பமானி காட்டிய எண்ணா, கணினி கணித்துத் தந்த எண்ணா என்பது திரையில் தெரியாது.

இது புள்ளிவிவர ஆர்வலர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. கோடைக்காலத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஆணை பிறப்பிக்கிறது. பகல் நேரப் பணியாளர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் ஓய்வு; எட்டு மணி நேர வேலையைக் காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில் மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆணையில் ஒரு விலக்கு உண்டு. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேல் உயரமுள்ள, வெப்பவாதம் ஏற்பட வாய்ப்பில்லாத பகுதிகளுக்கு அது பொருந்தாது.

வண்டிப்பெரியார் நகரம் ஏறக்குறைய 2,700 அடி உயரத்தில் உள்ளது. சாலை வழியே மேற்கே ஏறினால் வரும் பீர்மேடு, 3,000 அடி என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் ஊர். ஆகவே அந்த 3,000 அடிக் கோடு இந்த வட்டாரத்தின் தேயிலைச் சரிவுகளுக்கு ஊடாகவே செல்கிறது. கோட்டுக்குக் கீழே கொழுந்து பறிப்பவருக்கு நண்பகல் ஓய்வு உண்டு. மேலே பறிப்பவருக்கு அது உறுதியில்லை. கோட்டின் இருபுறமும் வேலை செய்வோரில் பெரும் பகுதியினர் தலைமுறைகளாக இங்கு வாழும் தமிழ்த் தொழிலாளர்கள்.

ஒரு நாளின் பதிவு எப்படி உருவாகிறது?

தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்கள் பருவமழைக்கு முந்தைய காலம். பெயர் எதுவாயினும், தென்னிந்தியாவின் பெரும் பகுதிக்கு ஆண்டின் மிகக் கடுமையான வெயில் இந்த மாதங்களில்தான்.

ஒரு நிலையத்தின் அன்றைய வெப்பநிலை என்பது வெயிலில் வைத்த கருவியின் அளவு அன்று. காற்றோட்டத்துக்கு இடைவெளிகள் விட்டு, வெள்ளை வண்ணம் பூசிய மரப்பெட்டிக்குள் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக வைக்கப்பட்ட வெப்பமானி காட்டும் காற்றின் வெப்பநிலையே பதிவாகிறது. ஸ்டீவன்சன் பெட்டி என்று அழைக்கப்படும் இதன் நோக்கம், நேரடி வெயிலும் தரையின் சூடும் கருவியைப் பாதிக்காமல் காப்பது. எனவே 38 டிகிரி என்று செய்தியில் வரும் எண் நிழலின் எண். நண்பகலில் தேயிலைச் செடிகளுக்கு இடையே நிற்பவரின் உடல் உணர்வது வேறு.

இப்படி நாள்தோறும் எழுதப்படும் எண்கள் ஆண்டுக்கணக்கில் சேரும்போதுதான் ஒரு குறிப்பிட்ட தேதிக்கான சாதனை அளவு பிறக்கிறது. அன்றைய தேதியின் சாதனை, அந்த மாதத்தின் சாதனை, எல்லாக் காலத்துக்குமான சாதனை ஆகிய மூன்றும் வேறு வேறானவை. செய்திகளில் இவை அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தை எடுத்துக்கொண்டால், எல்லாக் காலத்துக்குமான அதிகபட்சம் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி செல்சியஸ். ஏப்ரல் மாதத்துக்கான அதிகபட்சமோ 1908-ஆம் ஆண்டைச் சேர்ந்த 42.8 டிகிரி. இந்த 42.8 சற்று விசித்திரமாகத் தோன்றினால் அதற்குக் காரணம் உண்டு. அக்காலப் பதிவுகள் பாரன்ஹீட் அளவில் எழுதப்பட்டவை. 109 டிகிரி பாரன்ஹீட்டை மாற்றினால் 42.8 வரும்.

இவ்வளவு பழைய எண் சென்னைக்குக் கிடைப்பது தற்செயலாக அன்று. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைத்தது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. துறைமுகம், கப்பல் போக்குவரத்து, அரசு அலுவலகங்கள் இருந்த இடங்களில் வெப்பமானிகளும் இருந்தன. வானிலைப் பதிவின் வரலாறு ஒரு வகையில் நிர்வாகத்தின் வரலாறும்கூட.

பாலக்காட்டின் எண்கள்

கேரளத்தில் ஏப்ரல் வெயில் என்றாலே பேசப்படும் ஊர் பாலக்காடு. வண்டிப்பெரியாரைப் போலவே தமிழக எல்லையை ஒட்டிய பகுதி என்றாலும், நிலத்தின் அமைப்பு முற்றிலும் மாறுபட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைப் பக்கத்து வறண்ட காற்று தடையின்றி நுழைகிறது. உயரம் குறைவு, கடல் காற்றின் குளிர்ச்சியும் முழுமையாக வந்து சேர்வதில்லை.

2016 ஏப்ரல் இறுதியில் பாலக்காடு மாவட்டம் மலம்புழாவில் 41.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் 41.8 டிகிரி பதிவாகி, அம்மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. சாதனை முறியடிக்கப்பட்டதா இல்லையா என்ற பரபரப்பைவிட, பத்தாண்டுக்குள் இரண்டு முறை வெப்பம் 42 டிகிரியை நெருங்கியது என்பதே கவனிக்கத்தக்கது.

2024 கோடையில் பாலக்காட்டின் எண்கள் நாள்தோறும் தலைப்புச் செய்தியாயின. அதே கோடையில் இடுக்கியில் ஏலத் தோட்டங்கள் பரவலாகக் கருகின. நிழலும் ஈரமும் இல்லாமல் ஏலம் வளராது. ஓடைகளும் குளங்களும் வற்றியதால் பாசனம் செய்ய வழியில்லாமல் போனது. அங்கே 40 டிகிரி பதிவாகவில்லை, பதிவாகவும் வேண்டியதில்லை. மலைப்பயிருக்கு அதைவிடக் குறைந்த வெப்பமே போதுமான கேடு. தேயிலையும் 30 டிகிரியைத் தாண்டிய வெப்பம் தொடர்ந்தால் துளிர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். வறண்ட வெயிலில் செஞ்சிலந்தி தாக்குதலும் கூடும்.

மலைக்கு எந்த அளவுகோல்?

உயரம் கூடும்போது வெப்பநிலை குறைகிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி அளவுக்குக் குறையும் என்பது பொதுவான கணக்கு. வண்டிப்பெரியாரின் உயரத்துக்கு இது ஐந்து டிகிரிக்குச் சற்று அதிகம். சமவெளியில் 37 டிகிரி இருக்கும் பிற்பகலில் இங்கு 32 டிகிரியை ஒட்டி இருக்கலாம். கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் இத்தகைய கணக்குகளை உள்ளடக்கிய கணினி மாதிரிகளைக் கொண்டே ஊர்வாரியாக எண்களைத் தருகின்றன. சமவெளியில் அவை பெரிதாகத் தவறுவதில்லை. மலையில், ஒரு வளைவைத் தாண்டினாலே நிழலும் காற்றும் மாறும் இடத்தில், ஒரே எண்ணைப் பல கிலோமீட்டர் பரப்புக்குப் பொருத்துவது சிக்கலானது.

வெப்ப அலையை அறிவிக்க வானிலை ஆய்வுத் துறை வைத்துள்ள அளவுகோலும் நிலத்துக்கு ஏற்ப மாறுகிறது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியை எட்டியிருக்க வேண்டும், கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 டிகிரி. அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஒரு வானிலைப் பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு இது நிகழ வேண்டும். மலைக்கு 30 டிகிரி என்ற எல்லை வகுக்கப்பட்டிருப்பதே, உயரமான இடங்களில் வெப்ப அபாயம் இல்லை என்ற எண்ணத்தை இத்துறை ஏற்கவில்லை என்பதைக் காட்டுகிறது. தொழிலாளர் துறை ஆணையின் 3,000 அடி விலக்கை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சிக்கல் "இயல்பு" என்ற சொல்லில் இருக்கிறது. இயல்பு வெப்பநிலை என்பது 30 ஆண்டுச் சராசரி. தற்போது 1991 முதல் 2020 வரையிலான காலம் இதற்கு அடிப்படை. கேரளத்தில் நீண்ட காலமாக வெப்பநிலை பதியப்படும் நிலையங்கள் பெரும்பாலும் கடலோரத்திலும் சமவெளியிலும் உள்ளன. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு மாநிலத்தில் பல இடங்களில் தானியங்கி வானிலை நிலையங்கள் நிறுவப்பட்டன. மலையோரப் பகுதிகளும் இதில் பயன்பெற்றன. இது நல்ல மாற்றம்தான். ஆனால் ஐந்தாறு ஆண்டு வயதுள்ள நிலையத்துக்குச் சொந்தமான 30 ஆண்டுச் சராசரி இருக்க முடியாது. இயல்பு தெரியாத இடத்தில் இயல்பைவிட எவ்வளவு கூடுதல் என்று துல்லியமாகச் சொல்வதும் கடினம்.

புதிய நிலையங்களின் சாதனைகளையும் கவனத்தோடு படிக்க வேண்டும். தட்பவெப்பம் மாறாமலே இருந்தாலும், நூறாண்டுப் பதிவுள்ள நிலையத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியின் அதிகபட்சம் இந்த ஆண்டில் அமைவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஓராண்டில் மூன்று அல்லது நான்கு தேதிகளில் தற்செயலாகவே புதிய சாதனை அமையக்கூடும். பத்தாண்டு வயதுள்ள நிலையத்திலோ அந்த வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆண்டுக்கு 36 நாட்கள் சாதனை நாட்களாகிவிடும். "வரலாறு காணாத வெயில்" என்ற தலைப்பைக் கண்டால் அந்த வரலாற்றின் வயது என்ன என்று கேட்பது நியாயமானது.

கருவிகளும் தவறலாம். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியபோது நாடே அதிர்ந்தது. பின்னர் ஆய்வு செய்ததில், உணரி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரியவந்தது. எனவே 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51 டிகிரியே இந்தியாவின் அதிகபட்சமாக நீடித்தது. உலக அளவில் இதைவிடப் பெரிய திருத்தம் ஒன்று நடந்துள்ளது. லிபியாவின் அல் அசீசியாவில் 1922-இல் பதிவானதாகக் கூறப்பட்ட 58 டிகிரி, ஏறத்தாழ 90 ஆண்டுகள் உலகச் சாதனையாகப் பாடநூல்களில் இருந்தது. 2012-இல் உலக வானிலை அமைப்பு அதை நீக்கியது. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி அந்த இடத்துக்கு வந்தது.

மலையில் யார் அளந்தார்கள்?

மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனி அளவு தேவை என்பது புதிய சிந்தனை அன்று. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837-இல், திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைக்கப்பட்டது. பின்னாளில் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், 1855-இல் அகத்தியர் மலை உச்சியில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், யானைகள் உலவும் காட்டின் மேலே, கருவிகளைச் சுமந்து சென்று அளவெடுத்த முயற்சி அது. ஒரே நேரத்தில் மேலும் கீழும் எடுக்கப்படும் அளவுகளை ஒப்பிடுவது அதன் நோக்கங்களில் ஒன்று.

பீர்மேடு மலைகளில் அந்தப் பணியைச் செய்தவை தோட்டங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காப்பியும் பின்னர் தேயிலையும் வந்தபோது, மழைமானியும் தோட்ட அலுவலகத்தின் உடைமைகளில் ஒன்றானது. எப்போது உரமிடுவது, எப்போது கவாத்து செய்வது, எந்த வாரம் கொழுந்து பெருகும் என்பவை மழையளவைப் பொறுத்தவை. தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி அமைப்புக்கு வண்டிப்பெரியாரிலேயே வட்டார மையம் உள்ளது.

ஆனால் தோட்டப் பதிவுகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. அவை மழையை விரிவாகச் சொல்லும். வெப்பத்தை அவ்வளவாகச் சொல்லாது. மழைமானிக்கு ஓர் உருளையும் அளவுகோலும் போதும். வெப்பமானிக்குப் பெட்டி, திறந்த வெளி, நாள்தோறும் தவறாத நேரம் ஆகியவை வேண்டும். மேலும், தோட்டம் மூடப்பட்டால் பதிவேடும் நின்றுபோகிறது. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. லயங்களில் இருந்தவர்களின் கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நின்ற காலத்தில் மழைப் பதிவேட்டைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமிருந்திருக்காது.

இம்மலையின் மழை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2018 ஆகஸ்ட் சான்று. அம்மாதம் 15 முதல் 17 வரை கேரளத்தை மூழ்கடித்த மழையின் மையம் பீர்மேடு என்று மத்திய நீர் ஆணையத்தின் ஆய்வு குறிப்பிட்டது. 1924 ஜூலை வெள்ளத்தின்போது மழை மையம் கொண்டது தேவிகுளத்தில். இரண்டும் இடுக்கி மாவட்டத்தின் தோட்டப் பகுதிகள். 94 ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு வெள்ளங்களை ஒப்பிட முடிந்தது, இரண்டு காலங்களிலும் மலையில் மழையை அளந்து எழுதியவர்கள் இருந்ததால்தான்.

தேனி மாவட்ட வாசகர்களுக்கு இன்னொரு பதிவு நன்கு பழக்கமானது. முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டத்தோடு, பெரியாறு, தேக்கடி என்ற பெயர்களில் மில்லிமீட்டர் கணக்கில் வெளியாகும் மழையளவுதான் அது. தமிழக நீர்வளத் துறை எடுக்கும் இந்த அளவுகள், வண்டிப்பெரியாருக்கு மிக அருகில் தொடர்ச்சியாகக் கிடைக்கும் மழைப் பதிவுகளில் சேரும். ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேர இடியுடன் பெய்யும் கோடை மழை அணைக்கு நீர் கூட்டுகிறதா என்பதை, ஜூன் முதல் வாரத்தில் முதல்போகத்துக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று காத்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்து விவசாயிகள் கவனிக்கின்றனர். அதே மழையை அணைக்குக் கீழே வண்டிப்பெரியாரில் வேறு கண்ணோடு பார்க்கின்றனர். அங்கே ஏப்ரல் மழை குடிநீர். ஆகஸ்ட் மழை அச்சம்.

கேரளம் முழுவதற்கும் மார்ச் முதல் மே வரையிலான இயல்பு மழை சுமார் 360 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமழை தருவது சுமார் 2,000 மில்லிமீட்டர். அளவில் சிறியதானாலும் கோடை மழையின் கணக்கு வேறு. காப்பி பூப்பதற்கும் ஏலம் பிழைப்பதற்கும் அதுவே ஆதாரம். இரண்டு வாரம் தள்ளிப்போனால் இழப்பை இடவப்பாதியால் ஈடுகட்ட முடியாது.

வெப்பமானி காட்டாத வெயில்

3,000 அடி விலக்கைப் பரிசீலிக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரம் கூடக்கூட வெப்பநிலை குறைகிறது. ஆனால் சூரியனின் புற ஊதாக் கதிர் கூடுகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் அது சுமார் 10 சதவீதம் அதிகரிப்பதாக உலகச் சுகாதார அமைப்பு கூறுகிறது. கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2025 கோடையில் வெளியிட்ட புற ஊதாக் கதிர்க் குறியீட்டுப் பட்டியல்களில், குளிர்ச்சிக்குப் பெயர்பெற்ற மூணாறும் எச்சரிக்கை நிலையில் இடம்பெற்றது. குறியீடு 8 முதல் 10 வரை இருந்தால் ஆரஞ்சு எச்சரிக்கை. 11-ஐத் தொட்டால் சிவப்பு. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெயிலில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் பொது அறிவுரை. கொழுந்து பறிப்பவரின் வேலை நேரத்தில் பெரும் பகுதி அதுவே.

புற ஊதாக் கதிரும் வெப்பவாதமும் ஒன்றல்ல. முன்னது தோலையும் கண்ணையும் பாதிப்பது, பின்னது உடலின் வெப்பச் சமநிலையைக் குலைப்பது. ஆயினும், குளிர்ந்த மலையில் வெயில் தீங்கற்றது என்ற ஊகத்தை இரண்டுமே கேள்விக்குள்ளாக்குகின்றன. 3,000 அடி என்பது நினைவில் வைக்க எளிதான முழு எண். ஆனால் ஆணையின் வாசகம் உயரத்தோடு நிற்கவில்லை. வெப்பவாதம் ஏற்பட வாய்ப்பில்லாத பகுதி என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது நிபந்தனை நிறைவேறுகிறதா என்பதை அங்கேயே எடுத்த அளவைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும்.

தங்கள் ஊரின் குறிப்பிட்ட ஒரு நாளுக்கான வானிலையை அறிய விரும்புவோர், வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் அருகிலுள்ள நிலையத்தின் அன்றாட அளவுகளைப் பார்க்கலாம். பழைய பதிவுகள் புனேயில் உள்ள தேசியத் தரவு மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பட்டியலைப் படிக்கும்போது தேதியில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் மழையின் நாள் நள்ளிரவில் முடிவதில்லை, காலை 8.30 மணிக்கு முடிகிறது. ஏப்ரல் 30 மாலை வண்டிப்பெரியாரில் இடியுடன் கொட்டிய மழை, பதிவேட்டில் மே 1-ஆம் தேதிக் கட்டத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.